கண்ணாடியில் ஒரு விரல் வானம்

புகைபோக்கியின் கழுத்தில் சாக்கை அடைத்தவன் நான்தான். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவேண்டிய நாளில் சொல்லியிருந்தால், இதற்குப் பின் நான் எழுதப்போவது எதுவும் நடந்திருக்காது.

சித்திரக்குளத்துக்குத் தென்புறத் தெருவில் எங்கள் வீடு. பின்கட்டில் பழைய சமையலறை. அதன் கிழக்குச் சுவரை ஒட்டி விறகடுப்பு மேடை. மேடைக்கு மேலே கவிழ்த்த புனல்போலச் செங்கல்லால் கட்டிய கூண்டு. அந்தக் கூண்டு மேலே போகப்போகக் குறுகி ஒரு கழுத்தாகி, அங்கிருந்து சற்றே சாய்ந்து சுவருக்குள் ஏறி, மொட்டைமாடிக்கு மேல் ஓராள் உயரம் எழும்பி நின்றது. எரிவாயு அடுப்பு வந்தபின் அம்மா சமையலை முன்பக்கத்து அறைக்கு மாற்றிக்கொண்டாள். தீபாவளிப் பட்சணத்துக்கு மட்டும் விறகடுப்பு மூட்டுவார்கள். எண்பத்தொன்பதோடு அதுவும் நின்றது. பிறகு அந்த அறை எனக்கு வாசிப்பறையாயிற்று. அடுப்பு மேடைமீது பலகை போட்டு, என் ஆய்வுக்கான திறனாய்வு நூல்களை அடுக்கிவைத்தேன். பாதிக்குமேல் பல்கலைக்கழக நூலகத்தின் இரவல்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுக் கார்த்திகை மழையில் ஒருநாள், கரைந்த கரி புகைபோக்கி வழியே ஒழுகி, நான்கு நூலகப் புத்தகங்களின்மேல் மைபோல் படிந்தது. அன்றே ஒரு சாக்கை எடுத்தேன். கோயம்புத்தூரிலிருந்து லாரியில் எனக்குப் புத்தகங்கள் வந்த சாக்கு. அதன்மேல் 'கிரீஷ், மயிலாப்பூர்' என்று பார்சல்காரர் கறுப்பு மையில் தடித்த எழுத்தில் எழுதியிருந்தார். அதற்குள் பழைய நாளிதழ்களைத் திணித்து, துணி உலர்த்தும் கோலால் கூண்டுக்குள் உந்தி, கழுத்தில் இறுக்கமாக அடைத்தேன். ஒழுகல் நின்றது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் ஏதேனும் இருப்பதாக அப்போது தோன்றவில்லை.

அடுத்த ஆண்டு ஐப்பசியில் அப்பா காலமானார். மாதச் சடங்குகளை ஒரு மடத்தில் வைத்துச் செய்துமுடித்தோம். முதல் வருஷத் திதியை மட்டும் வீட்டில்தான் செய்யவேண்டும், அதற்கான சமையலை விறகடுப்பில்தான் செய்யவேண்டும் என்று பெரியப்பா சுவாமிநாதன் நங்கநல்லூரிலிருந்து வந்து தீர்மானமாகச் சொன்னார். சமைப்பதற்குப் பெரியம்மா விசாலாக்ஷி இசைந்திருந்தாள்.

"காஸ்ல பண்றதெல்லாம் நம்ம சௌகரியத்துக்கு. பித்ருக்களுக்குப் பண்றச்சே சௌகரியம் பாக்கப்படாது" என்றார் பெரியப்பா.

"அது சரி. அந்தப் புகைபோக்கி இழுக்கணுமே. மூட்டி அஞ்சு வருஷமாச்சு" என்றாள் அம்மா.

"வஹீத் பாயைக் கூப்ட்டு அனுப்பு. முன்னெல்லாம் அவர்தானே பண்ணிண்டிருந்தார்?"

அப்துல் வஹீத் ராயப்பேட்டைக்காரர். கொத்து வேலை தெரிந்தவர் என்றாலும், மயிலாப்பூரின் பழைய வீடுகளிலும் உணவு விடுதிகளிலும் கல்யாணச் சமையற்கூடங்களிலும் புகைபோக்கிக்கென்றால் அவர்தான். பெரிய அடுப்பு ஒன்று புகையைக் கக்கத் தொடங்கினால், அதன் நிறத்தைத் தெருவில் நின்று பார்த்தே அடைப்பு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று சொல்லிவிடுவார் என்பார்கள். ஐம்பது வயதிருக்கும். திதிக்கு முதல்நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு, மழைவிட்ட நேரத்தில் வந்தார். தோளில் கயிற்றுச் சுருள். அதன் நுனியில் இரும்புக் குண்டு. குண்டைச் சுற்றித் தென்னை நாரால் கட்டிய உருண்டைத் துடைப்பான்.

"மேல வேல முடிஞ்சதும் கீழ ஒரு தபா பாக்கணும்மா" என்றார் அம்மாவிடம்.

பெரியப்பா முந்திக்கொண்டார். "உள்ள வேண்டாம் பாய். நாளைக்குத் திதி. காலம்பறவே ஒரு தரம் அலம்பி விட்டாச்சு. மேலேருந்தே பண்ணிடுங்கோ."

"அது தெரியாதா சாமி? இந்தத் தெருவுல எந்த வூட்டு அடுப்பாண்டயும் நான் போனதில்ல. நமக்கு எப்பவும் மேலதான்." அவர் சிரித்தார், அதில் குறை எதுவும் தொனிக்கவில்லை. "பெரியவரு இருந்தப்ப அவரே கீழ குந்திக்கினு கண்ணாடி புடிப்பாரு. மூஞ்சி பூரா கரியாயிடும். கவலையே படமாட்டாரு. இப்ப யாரு புடிக்கிறது?"

"இதோ, அவர் பிள்ளை நிக்கறானே."

வஹீத் பாய் பையிலிருந்து ஒரு சவரக் கண்ணாடியை எடுத்தார். துணியில் சுற்றியிருந்ததைப் பிரித்து என் கையில் கொடுத்துவிட்டு, பொறுமையாகச் சொன்னார்.

"கேட்டுக்கங்க சார். நடுவுல ஒரு சாய்வு கீது. என் குண்டு அதுல போய்ச் சாஞ்சிக்கும். அதுக்குக் கீழ இன்னா கீதுன்னு எனக்குத் தெரியாது. கூண்டுக்குள்ள தலைய வுட்டு, கண்ணாடிய இப்டி சாச்சிப் புடிச்சீங்கன்னா ஓரமா ஒரு வெரல் அகலத்துக்கு வானம் தெரியும். தெரிஞ்சா குழல் சுத்தம். தெரியலன்னா எங்கியோ அடச்சினு கீதுன்னு அர்த்தம். நான் மேல இருந்து கேப்பேன். நீங்க சொல்றதுதான் எனக்குக் கண்ணு."

அவர் மாடிப்படி ஏறினார். நான் கண்ணாடியோடு சமையலறைக்குள் போனேன்.

புத்தகங்களை முந்தின நாளே அப்புறப்படுத்தியிருந்தேன். அப்போதே கூண்டுக்குள் அண்ணாந்து பார்த்து, சாக்கின் ஓரம் தொங்குவதைக் கண்டிருந்தேன். பிறகு எடுக்கலாம் என்று விட்டிருந்தேன். இப்போது எடுப்பதென்றால் கோலைக் கொண்டுவந்து குத்தி இழுக்கவேண்டும். இரண்டு ஆண்டுக் கரியும் புறா எச்சமும் தலையில் கொட்டும். நான் சலவை செய்த வெள்ளைச் சட்டை அணிந்திருந்தேன். அன்று மாலை ஐந்து மணிக்கு அடையாறில் ஓர் இலக்கிய வட்டத்தில் நான் கட்டுரை வாசிக்கவேண்டும். 'வாசகர் என்னும் சாட்சி' என்பது தலைப்பு. அதற்கு நான்கு மாதம் உழைத்திருந்தேன். மூன்றரைக்குள் பேருந்தைப் பிடித்தாகவேண்டும். திரும்பி வந்ததும் எடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேலே குண்டு சுவரில் மோதும் ஓசை கேட்டது. கரி பெயர்ந்து சரசரவென்று இறங்கி, சாக்கின்மேல் மெத்தென்று விழுந்து அடங்கியது. மேடையில் ஒரு துகள்கூட விழவில்லை.

"சார்! வானம் தெரியுதா?"

கண்ணாடி என் கையில்தான் இருந்தது. நான் அதைக் கூண்டுக்குள் நீட்டவே இல்லை.

"தெரியறது பாய்!"

"நல்லாப் பாத்தீங்களா?"

"நன்னாத் தெரியறது."

"கரி எவ்ளோ வுழுந்துது?"

கழுவித் துடைத்த மேடையைப் பார்த்தேன். "ஒரு முறம் இருக்கும்."

மேலே கயிற்றை இழுத்துச் சுருட்டும் ஓசை கேட்டது. பிறகு, "அவ்ளோதானா? செரி, மூட்டியே வருசமாச்சே" என்று அவர் தமக்குள் சொல்லிக்கொள்வது குழல் வழியே தெளிவாகக் கேட்டது. சாக்கு நடுவில் இருந்தும் அந்தக் குரல் எப்படி என்னை எட்டியது என்பது இன்றும் எனக்கு வியப்பு. சுவர் வழியாக வந்திருக்கவேண்டும்.

கீழே இறங்கி வந்தவரிடம் கொல்லைக் கதவருகே கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு என் சட்டையைப் பார்த்தார்.

"படிச்சவங்க கை. ஒரு தூசு படல" என்றார், கண்ணாடியைத் துணியில் சுற்றியபடி.

அன்று என் கட்டுரை பாராட்டப்பட்டது. வீடு திரும்பியபோது விளக்கு வைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பெரியம்மா வந்துவிட்டிருந்தாள். பழைய சமையலறையை மறுபடியும் கழுவி, மேடைக்குக் கோலமிட்டு, மறுநாள் உடுத்தவேண்டிய மடித்துணியைக் கொடியில் உயரே உலர்த்தி, கதவைச் சாத்தியிருந்தார்கள். இனி குளித்து ஈரத்துணியோ மடித்துணியோ உடுத்தியவரன்றி யாரும் அதற்குள் போகக்கூடாது.

"அந்தப் பக்கம் போகாதேடா. எல்லாம் ஆயிடுத்து" என்றாள் அம்மா.

ஏன் போகவேண்டும் என்று சொல்லியிருந்தால் அவள் விட்டிருப்பாள். திட்டியிருப்பாள், மூன்றாம் முறையாக அறையைக் கழுவியிருப்பாள், அவ்வளவுதான். ஆனால் சாக்கைப் பற்றிச் சொன்னால் 'வானம் தெரியறது' என்றதையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. மேலேயிருந்து விழுந்த கரியின் கனத்தில் சாக்கு நெகிழ்ந்திருக்கும், புகை ஏதாவது ஓர் இடுக்கு வழியே போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேன் என்பதைவிட, நம்புவதென்று முடிவுசெய்தேன் என்பதே சரி.

மறுநாள் காலை பெரியம்மா தனியே அடுப்பு மூட்டினாள். ஈரக் காற்றில் தீ அணையாதிருக்கக் கொல்லைக் கதவைச் சாத்தினாள். தெரியாமல் யாரும் உள்ளே வந்துவிடாதிருக்க உள்கதவையும் சாத்தினாள். கூடத்தில் வாத்தியாரும் இரண்டு பிராமணர்களும் அமர்ந்திருந்தார்கள். நான் ஈரவேட்டியோடு ஹோமத்தின் முன் இருந்தேன். கூடமெங்கும் நெய்யும் சமித்தும் எரியும் புகை. அதனால்தான் மற்றப் புகையை யாரும் அறியவில்லை. கண்கள் எரிந்தன, எல்லாருக்குமே எரிந்தன. ஹோமப் புகை அன்று அதிகம் என்று வாத்தியார் சொன்னார்.

பெரியம்மா யாரையும் கூப்பிடவில்லை. திதிச் சமையலைப் பாதியில் நிறுத்தக்கூடாது, புகை இதோ தணிந்துவிடும் என்று எண்ணிக்கொண்டே அவள் அந்தப் புகைக்குள் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறாள்.

அம்மாதான் முதலில் பார்த்தாள். உள்கதவின் அடியிலிருந்து புகை தரையோடு தரையாக வழிந்து வந்துகொண்டிருந்தது. "அக்கா! அக்கா!" என்று கதவைத் தட்டினாள். பதில் இல்லை. கதவைத் தள்ளித் திறந்தபின்பும் வாசற்படியில் ஒரு கணம் எல்லாரும் நின்றார்கள். வீட்டாரில் ஈரத்துணியோடு மடியாக இருந்தவன் நான் ஒருவன்தான். நான் உள்ளே ஓடினேன்.

பெரியம்மா மேடையின் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் கரண்டி இருந்தது. அவளைத் தூக்கும்போது கூண்டுக்குள்ளிருந்து ஏதோ முறிவதுபோல் ஓர் ஓசை. எரியும் சாக்கு பொத்தென்று அடுப்பின்மேல் விழுந்தது. அதன் பின்னாலேயே பழைய கரியும் புதிய கரியும் கொட்டின. சாதத்தில், குழம்பில், வடைக்கு அரைத்த மாவில் எல்லாம் கரி. பெரியம்மாவைக் கூடத்தில் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு மறுபடி உள்ளே போனேன். எல்லாரும் பெரியம்மாவைச் சூழ்ந்திருந்தார்கள். சாக்கைக் கோலால் இழுத்துக் கொல்லைக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றித் துவைகல்லுக்குப் பின்னால் தள்ளினேன்.

பெரியம்மாவை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினோம். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் சில நாள் இருக்கவேண்டும் என்று செய்தி வந்தது. தடைப்பட்ட சிராத்தத்தை வருகிற அமாவாசையன்று மறுபடி செய்யலாம் என்று சொல்லிவிட்டு வாத்தியார் புறப்பட்டார்.

வஹீத் பாய் தாமாகவே வந்தார். அடுத்த தெருவில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் ஸ்ரீரங்கனின் சமையற்கூடத்தில் அன்று அவருக்கு வேலை. செய்தி அங்கே எட்டியிருந்தது. கையெல்லாம் சுண்ணாம்பும் தோளில் பையுமாக ஓடிவந்தவரை வாசலிலேயே மறித்தார் பெரியப்பா.

"மனுஷாளைக் கொல்லப் பாத்தியேய்யா! இதுக்குப் பேர் வேலையா? முடியலைன்னா முடியலைன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன. மாடியிலிருந்து இருவர் எட்டிப் பார்த்தார்கள். காய்கறி வண்டி நின்றது. முதல்நாள் 'பண்ணிடுங்கோ' என்றிருந்த வாய் இன்று அவரை ஒருமையில் ஏசிக்கொண்டிருந்தது. நான் அப்பாவின் படத்துக்குக் கீழே, நடையில், நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சாமி, நான் ஒரு தபா பாக்கட்டுமா?" என்றார் வஹீத் பாய். அவ்வளவுதான் சொன்னார்.

இப்போது தடுக்க ஒன்றுமில்லை. மடி போய்விட்டிருந்தது, எல்லாம் கரியாகக் கிடந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சமையலறை வாசற்படியில் நின்று, "வரட்டுமா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லாததால் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். கூண்டுக்குள் தலையை விட்டுக் கண்ணாடியைச் சாய்த்தார். நெடுநேரம் பார்த்தார். வெளியே வந்த முகத்தில் கரியும் குழப்பமும் இருந்தன.

"வானம் தெரியுது" என்றார். "நேத்து சாரும் தெரியுதுன்னாரு. இன்னிக்கும் தெரியுது. நடுவுல அடச்சினு இருந்ததுன்னா..." அவர் தம் கைகளைப் பார்த்தார். "நான் சொரண்டுனப்ப சாய்வுல கரி பாதி பேந்து நின்னிருக்கணும். அனல் பட்டதும் சரிஞ்சி வந்து கழுத்த அடச்சிருக்கும். வேற இன்னாவா இருக்கும்? இல்ல சார்?"

உறுதிப்படுத்தும்படி என்னைப் பார்த்தார். என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை.

"இருக்கலாம்" என்றேன்.

அவர் தலையை அசைத்தார். "அப்ப என் தப்புதான் சாமி" என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். அதைக் காலில் போட்டுக்கொள்ளவேண்டும் என்பதே அவருக்கு நினைவில்லை.

நான்காம் நாள் மருத்துவமனையில் பெரியம்மா பேசினாள். குரல் கம்மியிருந்தது. "ஏதோ எரிஞ்சுண்டே விழுந்துதுடா. துணி மாதிரி இருந்துது."

"புறாக்கூடா இருக்கும்" என்றார் பெரியப்பா.

"துணி" என்றாள் பெரியம்மா. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள் என்று எனக்குப் பட்டது. வெறுமனே என் பக்கம் திரும்பியிருந்தாளோ என்னவோ. நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து முடிக்கும்வரை நிமிரவில்லை.

பத்து நாள் கழித்து ஸ்ரீரங்கன் தெருவில் என்னை நிறுத்தினார். அகன்ற உடம்பு, உரத்த குரல், யாரையும் கிண்டல் செய்யாமல் பேசத் தெரியாதவர்.

"என்னய்யா கிரீஷ், உம்ம பெரியப்பா வந்து, அந்தப் பாயை இனிமே உள்ள விடாதேயும்னுட்டுப் போனார். நான் காதுலயே போட்டுக்கலை. ஆனா பாயே வரமாட்டேங்கறாரே!"

"ஏன்?"

"போன வாரம் என் பெரிய அடுப்புக் குழலை மூணு தரம் சுரண்டினார். மூணாந்தரம் முடிச்சும் மாடியவிட்டு இறங்கலை. போய்ப் பாத்தா உக்காந்து கையைப் பாத்துண்டிருக்கார். 'சாமி, எனக்கு என் கை மேல நம்பிக்கையில்ல, வேற ஆள வச்சிக்க'ங்கறார். முகூர்த்தம் வரிசையா வரதுய்யா. குழல் இழுக்கலைன்னா மாப்பிள்ளையாத்துக்காரா எல்லாம் அழுதுண்டே சாப்பிடுவா. கல்யாணத்துல அழவேண்டியது பொண்ணாத்துக்காராதானே?" தம் பேச்சுக்குத் தாமே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "தி. நகர்லேர்ந்து வேற ஆளைச் சொல்லியிருக்கேன். மனசே இல்லை" என்றார்.

வீட்டுக்கு வந்து துவைகல்லுக்குப் பின்னால் தேடினேன். மழையில் ஊறிக் கிடந்தது சாக்கின் மிச்சம். கீழ்ப்பாதி முழுக்கக் கருகியிருந்தது. மேலே 'கிரீ' என்ற எழுத்தும், அதன் அடியில் 'மயிலா' என்பதும் எஞ்சியிருந்தன. அதை யாரும் பார்த்துவிடாதபடி அன்றே எரித்துவிடலாம் என்ற யோசனை முதலில் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். தீப்பெட்டி எடுக்க அடுக்களைவரை போனேன். அம்மா அங்கே பெரியம்மாவுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். "என்னடா வேணும்?" என்றாள். "ஒண்ணுமில்லை" என்று திரும்பினேன். அந்தச் சொல்லை நான் எத்தனை எளிதாகச் சொல்கிறேன் என்பது அப்போது எனக்கே காதில் விழுந்தது. நாளிதழ் ஒன்றில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ராயப்பேட்டைக்கு நடந்தேன்.

மசூதியை ஒட்டிய சந்தில், நீலச் சுவர் வீடு. அவர் மனைவி அமீனா பீ கதவைத் திறந்தார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. பெரியம்மாக்கு இப்ப எப்டி கீது? இவரு அஞ்சு வேளயும் அவுங்களுக்குத்தான் துவா கேக்கறாரு."

தேநீர் வைத்தார். வஹீத் பாய் உள்ளிருந்து வந்து எதிரே அமர்ந்தார். ஆணியில் அந்தச் சவரக் கண்ணாடி தொங்கியது. நான் பொட்டலத்தைப் பிரித்துத் தரையில் வைத்தேன். அவர் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இது எங்க இருந்துது?"

"கழுத்துல. நான்தான் அடைச்சேன். ரெண்டு வருஷமா இருந்தது."

"அப்ப அன்னிக்கு வானம்?"

"நான் பாக்கவே இல்லை பாய்."

"மொறம் கரி?"

"ஒரு பொட்டுகூட விழலை."

"மறுநா அத்தினி பேர் எதிர்ல கேட்டேனே. 'இருக்கலாம்'னீங்களே?"

அமீனா பீ வந்து, நான் தொடாத தேநீரை எடுத்துக்கொண்டு நின்றார். "பத்துப் பன்னெண்டு நாளா சோறு எறங்கல தம்பி இவுருக்கு. கையப் பாத்துக்கினே குந்தினு இருந்தாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வஹீத் பாய் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தே போயிருந்தேன். அவர் சாக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி சுத்தமா வந்துச்சே, அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துது. உங்கப்பா புடிச்சா கறுப்பாதான் வரும். ஆனா அவரு புள்ளயாச்சேன்னு கேக்கல. கேட்டிருக்கணும். அதுதான் நான் செஞ்ச தப்பு."

"மன்னிச்சுடுங்கோ பாய்."

"அத வுடுங்க. எங்கிட்ட, என் வூட்டுக்குள்ள சொன்னா இன்னா ஆவும்? என்னிய ஏசுனது தெருவுல. தெருவுல சொல்லுங்க."

மறுநாள் காலை சொன்னேன். ஸ்ரீரங்கனின் சமையற்கூட வாசலில், பெரியப்பாவையும் அழைத்துக்கொண்டுபோய், சாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னேன். மூன்று வாக்கியங்கள் போதுமாயிருந்தன. எதிர்வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். அதே காய்கறி வண்டிக்காரர் கேட்டார். நான்கு மாதம் உழைத்த கட்டுரையை வாசித்தபோது வராத நடுக்கம் அந்த மூன்று வாக்கியங்களில் வந்தது.

"பைத்தியமாடா உனக்கு?" பெரியப்பா என் முழங்கையைப் பற்றி இழுத்தார். "நடந்தது நடந்தாச்சு. இதைப் போய்த் தெருவுல நின்னு... உங்கப்பா மானம் என்னாறது?"

"மானம்தான் ஓய் இப்ப வந்து நிக்கறது" என்றார் ஸ்ரீரங்கன். என்னைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. உள்ளே திரும்பி, "யாருப்பா அங்க, தி. நகர் ஆளை வரவேண்டாம்னு சொல்லுங்கோ. ராயப்பேட்டைக்கு ஆள் அனுப்புங்கோ" என்று குரல் கொடுத்தார்.

வீட்டில் அம்மா என்னோடு பேசவில்லை. தட்டை வைப்பாள், பரிமாறுவாள், போய்விடுவாள். மருத்துவமனையிலிருந்து திரும்பியிருந்த பெரியம்மா மட்டும், "துணின்னு சொன்னேனே. யாரும் கேக்கலை" என்றாள்.

அமாவாசைக்கு முதல்நாள் வஹீத் பாய் வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா வாசல்வரை போய் அழைத்தாள்.

"இந்தத் தரம் நீங்களே உள்ள வந்து பாத்துடுங்கோ பாய். பாத்தப்புறம் அலம்பிக்கறோம்."

பெரியப்பா வாயைத் திறந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வேணாம்மா" என்றார் வஹீத் பாய். "பழக்கப்படியே இருக்கட்டும். நான் மேல பாக்கறேன். சார் கீழ புடிக்கட்டும்."

கண்ணாடியை என்னிடம் நீட்டினார். எப்படிச் சாய்க்கவேண்டும் என்று இம்முறை சொல்லவில்லை. கயிற்றோடு ஒரு சிறு பலகையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு படியேறினார். உட்கார்வதற்கு எடுத்துப்போகிறார் என்று நினைத்தேன்.

நான் பழைய சட்டையோடு மேடையில் மண்டியிட்டு, கூண்டுக்குள் தலையை நுழைத்தேன். குண்டு இறங்கியது. கரி என் நெற்றியிலும் இமையிலும் கழுத்துக்குள்ளும் கொட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஓசை நின்றது.

"சார்! வானம் தெரியுதா?"

கண்ணாடியைச் சாய்த்தேன். இருட்டு. மறுபுறம் சாய்த்தேன். இருட்டு. சாக்கு போய்விட்டது, குழல் இப்போதுதான் சுரண்டப்பட்டது, வானம் அங்கே இருந்தாகவேண்டும். அறைக்கு வெளியே அம்மாவும் பெரியப்பாவும் என் பதிலுக்காக நின்றிருந்தார்கள். 'தெரியறது' என்ற சொல் தானாக என் நாவுக்கு வந்தது. இத்தனைக்குப் பிறகும் அதுதான் முதலில் வந்தது.

"தெரியலை பாய்" என்றேன்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன். தெரியலை."

மேலே மரம் கல்லில் உராயும் ஓசை கேட்டது. கண்ணாடியின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல் நிற வெளிச்சம் விழுந்தது. அதில் தூறல் இறங்குவதுகூடத் தெரிந்தது.

"இப்ப?"

"இப்பத் தெரியறது."

"செரி. பலகைய வச்சி மூடியிருந்தேன்" என்றது குரல். "கரி எவ்ளோ வுழுந்துது?"

முறத்தை இழுத்து அள்ளினேன். "ரெண்டரை முறம்."

அவர் கீழே வந்தபோது கண்ணாடியைக் கொடுத்தேன். அது முழுக்கக் கறுத்திருந்தது. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். மேடைமேல் இருந்த முறத்தை வாசற்படியிலிருந்தே எட்டிப் பார்த்து அளவை மனத்தில் குறித்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைக்காமல் அப்படியே துணியில் சுற்றிப் பையில் வைத்தார்.

மறுநாள் பெரியம்மா இரண்டு கதவுகளையும் திறந்துவைத்துச் சமைத்தாள். புகை முழுவதும் மேலே போயிற்று. அப்பாவுக்குப் பிண்டம் வைத்தேன்.

அடுத்த ஐப்பசியிலும் வஹீத் பாய் வந்தார். அம்மாவோடு சிரித்துப் பேசினார். என் ஆய்வு முடிந்துவிட்டதா என்று விசாரித்தார். கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டு மாடிக்கு ஏறும்போது, அந்தப் பலகையையும் எடுத்துக்கொண்டு போனார்.